மின்சாரம் நின்றால் சம்ப் வழியுமா?

கேள்வி: என்னிடம் 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள நன்னீர் மீன்தொட்டி இருக்கிறது. அதன் கீழே வைக்க 60×30×35 செ.மீ. அளவில் ஒரு சம்ப் தொட்டி (மேல் தொட்டியிலிருந்து இறங்கும் நீரை வடிகட்டி, பம்ப்பால் மீண்டும் மேலே ஏற்றும் கீழ்த்தொட்டி) வாங்கியுள்ளேன். இது போதுமா? மின்சாரம் நின்றால் தண்ணீர் தரையில் வழியும் என்கிறார்களே, அது உண்மையா?

– ஒரு வாசகர்

பதில்: அளவு போதும். ஆனால் உங்கள் அச்சமும் நியாயமானதுதான். சம்ப் அமைப்பவர்கள் முதலில் கணக்கிட வேண்டியதே இதைத்தான்.

பம்ப் நின்றவுடன், மேல் தொட்டிக்கு நீரேற்றிய அதே குழாய் சைஃபன் போலச் செயல்பட்டு, தன் வாய் நீருக்கு வெளியே தெரியும்வரை நீரைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. உயர நீர் என்பது ஏறக்குறைய 4 லிட்டர். குழாயின் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 40 லிட்டர் இறங்கிவிடும். சம்ப்பில் 22 செ.மீ. உயரத்துக்கு நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீதமுள்ள இடமோ 23 லிட்டருக்குத்தான். வாயை 3 செ.மீ. ஆழத்துக்குள் வைத்தால் 12 லிட்டர்தான் இறங்கும், சம்ப்பின் மட்டம் 7 செ.மீ. அளவுக்கே உயரும். குழாய்களில் நிற்கும் நீருக்கும் இன்னும் 6 செ.மீ. மிஞ்சுகிறது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டால் காற்று புகுந்து சைஃபன் விரைவில் அறுபடும். அந்தத் துளையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். நீர் பின்னோக்கி இறங்காமல் தடுக்கக் குழாயில் பொருத்தும் ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், அதில் சிறு தூசி சிக்கினாலே அது முழுதாக மூடாது.

நீர் இறங்கும் வழிக்கு, தொட்டியின் விளிம்பில் மாட்டும் ஓவர்ஃப்ளோ பெட்டியைவிடக் கண்ணாடியில் துளையிடுவதையே நான் பரிந்துரைப்பேன். மாட்டும் பெட்டியில் நீரை விளிம்பைத் தாண்டச் செய்யும் சைஃபன் அறுந்தால், பம்ப் ஓடிக்கொண்டே இருப்பதால் மேல் தொட்டி வழியும். டெம்பர்டு (சூடாக்கி வலுவேற்றிய) கண்ணாடியில் துளையிட்டால் அது நொறுங்கிவிடும் என்பதால், எந்த வகைக் கண்ணாடி என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சம்ப்பைத் தடுப்புகளால் பிரிக்கும்போது, பம்ப் இருக்கும் அறையின் நீர் முழுதும் ஏறினாலும் மேல் தொட்டி தாங்க வேண்டும். ஆகவே அந்த அறையைச் சிறிதாகத் தடுப்பது நல்லது.

சம்ப்புக்குள் முதலில் ஸ்பான்ஜும் வடிகட்டும் பஞ்சும், அடுத்து செராமிக் வளையங்கள், கடைசியில் பம்ப் என்ற வரிசை வேண்டும். மணிக்கு 800 முதல் 900 லிட்டர் நீர் சுழன்றால் போதும். ஆனால் பம்ப்பின் மீது அச்சிட்டிருக்கும் அளவு உயரம் ஏற ஏறக் குறையும் என்பதால், உங்கள் குழாயின் உயரத்தில் அது எவ்வளவு தள்ளும் என்று பார்த்தே வாங்குங்கள். ஆவியாகும் நீரால் கடைசி அறையின் மட்டம் மட்டுமே குறைவதால், பம்ப் காற்றை இழுக்கும் முன் நீர் சேர்த்துவிடுங்கள்.

மீன் விடுவதற்கு முன், பம்ப்பை வேண்டுமென்றே சில முறை நிறுத்திப் பாருங்கள். சம்ப்பில் நீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு டேப்பை ஒட்டி, ஓடும் மட்டத்தையும் அதனருகே குறித்துவிட்டால், பிறகு பம்ப் ஓடும்போது நீர் சேர்க்கையில் ஓடும் மட்டத்தின் கோட்டைத் தாண்டாமல் இருக்கலாம்.