ப்ளீச்சா, ஆசிடா, வினிகரா: எதை எப்படிக் கையாள்வது? கேள்வி பதில்

கேள்வி: ப்ளீச், டாய்லெட் க்ளீனர் இரண்டில் எது அதிக ஆபத்து?

பதில்: தனித்தனியாக இரண்டையும் சமாளித்துவிடலாம். சேர்ந்தால்தான் விபரீதம். ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். டாய்லெட் க்ளீனர் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் கலந்ததும் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: க்ளீனரை ஊற்றி ஊறவைப்பார்கள், கறை போகாது, "இன்னும் வெள்ளையாகட்டும்" என்று மேலேயே ப்ளீச்சை ஊற்றுவார்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்துவிடுங்கள். மற்றதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். காட்டமான நெடி வந்தால் அங்கேயே நின்று கழுவ முயலாதீர்கள். உடனே வெளியே வந்து, வீட்டுக் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்தும் நிலைமை மோசமாகலாம்.

கேள்வி: தரை துடைக்க ப்ளீச் எவ்வளவு கலக்கலாம்?

பதில்: லேபிளில் 5% என்றிருந்தால், 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. போதும், அது சுமார் 0.1% கரைசல். பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், வெந்நீரில் வீரியம் போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். அழுக்கு மேலேயே ஊற்றினால் ப்ளீச் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமி தப்பிவிடும். தரை 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும், பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஸ்ப்ரே பாட்டிலும் வேண்டாம், துளிகள் மூச்சில் போகும்.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் பாதுகாப்பானதுதானே?

பதில்: பாதுகாப்பானதுதான், ஆனால் பயனில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிடும். பொங்கும் நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. பிசுக்குக்குச் சோடா, குழாயில் படிந்த உப்புக் கறைக்கு வினிகர் என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். மார்பிளில் வினிகர் பட்டால் பளபளப்பு போய்விடும். இயற்கைப் பொருள்தானே என்று அதை ப்ளீச்சோடு சேர்த்தாலும் குளோரின் வரும்.

கேள்வி: பூனை சிறுநீர் கழித்த இடத்தில் ப்ளீச் ஊற்றலாமா?

பதில்: முதலில் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவுங்கள். சிறுநீரிலிருந்து வரும் அமோனியா ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். அமோனியா உள்ள கண்ணாடி க்ளீனருக்கும் இதேதான்.

கேள்வி: சிங்க் அடைப்பு நீக்கும் தூள்?

பதில்: வீட்டில் இருப்பவற்றில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு. தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். முதலில் பிளஞ்சரால் (அடைப்பை அழுத்தி எடுக்கும் ரப்பர் கப்) முயன்று பாருங்கள். தூளைப் போட்ட பிறகு பிளஞ்சரைத் தொடவே கூடாது, அழுத்தும்போது கரைசல் முகத்தில் தெறிக்கும். அடைப்பு விடவில்லை என்று மேலே ஆசிடும் ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்ட தொண்டையை வெளியே வரும்போதும் அது சுடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.