1.9-க்கு அடுத்து 1.10: கேம் அப்டேட்டுகளுக்கு எண் கொடுப்பது எப்படி?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து உருவாக்கிய கேமை வெளியிட்டிருக்கிறோம். பலர் சேர்ந்தும் ஆடலாம். அப்டேட்டுகளுக்கு 1.0, 1.01, 1.1, 1.1பி என்று தோன்றியபடி எண் கொடுத்தோம். இப்போது எங்களுக்கே குழப்பம். என்ன செய்யலாம்?

பதில்: புள்ளி வைத்துப் பிரித்த மூன்று முழு எண்கள் போதும். மென்பொருள் துறையில் இதற்கு செமான்டிக் வெர்ஷனிங் என்று பெயர். ஆனால் அதன் விதிகள் நிரல் எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. ஆடுகிறவருக்கு இருக்கும் கவலையோ இரண்டுதான்: சேமித்துவைத்த ஆட்டம் திறக்குமா? நண்பரோடு சேர்ந்து ஆட முடியுமா?

எனவே பழைய சேவ் ஃபைல் திறக்காது என்றால் மட்டும் முதல் எண்ணை உயர்த்துங்கள். எல்லாரும் அப்டேட் செய்தால்தான் சேர்ந்து ஆட முடியும் என்றால் இரண்டாம் எண். வெறும் பிழைதிருத்தம் என்றால் மூன்றாம் எண், 1.4.0 வைத்திருப்பவரும் 1.4.3 வைத்திருப்பவரும் தடையின்றிச் சேர்ந்து ஆடலாம்.

சிக்கல் எழுவது நடுவில்தான். ஒரு வாள் எதிரிக்கு விளைவிக்கும் சேதத்தை 40-லிருந்து 35 ஆகக் குறைக்கிறீர்கள். கணக்கெல்லாம் சர்வரில் நடக்கிறது என்றால் மூன்றாம் எண்ணே போதும். ஒவ்வொருவர் கணினியும் தனித்தனியே கணக்கிடும் கேம் என்றால், ஒரு திரையில் செத்த எதிரி இன்னொரு திரையில் உயிரோடு நிற்பான். அப்போது மாற்றம் எவ்வளவு சிறியதானாலும் இரண்டாம் எண்ணை உயர்த்தியே ஆக வேண்டும்.

இந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 1.9-க்கு அடுத்தது 1.10, மைன்கிராஃப்டில் இரண்டும் 2016-இல் அப்படித்தான் வந்தன. நிரலில் இவற்றை எழுத்துச் சரமாக, அதாவது எழுத்து எழுத்தாக, ஒப்பிட்டால் 1.10 பழையதாகிவிடும், பகுதி பகுதியாக எண்ணாக மாற்றி ஒப்பிடுங்கள். அப்படி ஒப்பிடும்போது உங்கள் 1.01-உம் 1.1-உம் ஒன்றாகிவிடும். பழையவற்றைத் திருத்த வேண்டாம், அடுத்ததை 1.2.0 என்று வெளியிடுங்கள்.

பெரிய அப்டேட் என்பதற்காக 2.0 என்று போட ஆசை வரும். அதற்கு ஒரு நல்ல பெயர் வையுங்கள்; முதல் எண்ணைத் தொடாதீர்கள்.

பில்ட் எண், அதாவது கேமைத் தொகுத்து ஏற்றும் ஒவ்வொரு முறைக்கும் கொடுக்கும் அடையாள எண், தனி. கூகுள் பிளேயில் ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் அது கூடியாக வேண்டும். உச்சவரம்பு 210 கோடி. ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை என்று 2025061401 போல எழுதினால் அடங்கும். வரிசைக்குப் பதில் மணி, நிமிடத்தைச் சேர்த்தால் 12 இலக்கமாகி வரம்பைத் தாண்டிவிடும்.

வெளியிட்ட எண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை நான் 1.3.2-ஐ வெளியிட்ட ஒரு மணி நேரத்தில் ஒரு பிழையைத் திருத்தி, அதே எண்ணில் மீண்டும் ஏற்றினேன். 'கதவு திறக்கவில்லை' என்றார் ஒருவர், 'திறக்கிறதே' என்றார் இன்னொருவர். இருவரிடமும் இருந்தது 1.3.2. இரண்டு நாள் தேடினேன். அன்றிலிருந்து என் முதன்மை மெனுவின் கீழ் மூலையில் பதிப்பு எண்ணும் பில்ட் எண்ணும் சேர்ந்தே தெரிகின்றன.