அந்த 20-ஐ ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: எட்டு மாதமாக ஐந்து நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டை நடத்துகிறேன், நான்தான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். எல்லாரும் 5-ஆம் லெவல். போன சனிக்கிழமை ஓகர் என்ற ராட்சதனோடு சண்டை. எங்கள் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) 27 ஹிட் பாயிண்டில், அதாவது உயிர்ப் புள்ளியில், 4தான் மிச்சம். என் முன்னால் இருக்கும் மறைப்பு அட்டையான ஸ்கிரீனுக்குப் பின்னால் ஓகரின் தாக்குதலுக்கு இருபதுமுகப் பகடையை உருட்டினேன், இருப்பதிலேயே பெரிய எண்ணான 20 விழுந்தது. அந்தக் கேரக்டருக்காக 12 பக்கம் முன்கதை எழுதிய தோழி எதிரே உட்கார்ந்திருந்தாள். மனசு வரவில்லை, ‘அடி படவில்லை’ என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் பகடையைப் பார்த்துவிட்டான். சண்டை பாதியில் நிற்கிறது. “யாரும் சாகப் போவதில்லை என்றால் எதற்கு உருட்டணும்?” என்று வாட்ஸப்பில் கேட்கிறான். நான் அவளைக் கொன்றிருக்க வேண்டுமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கொல்வதா வேண்டாமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் மறைத்த அடியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் பயத்தில் ரூல்புக்கையே மறந்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். ஓகரின் தடிக்கு இரண்டு எட்டுமுகப் பகடை, கூட 4. தாக்குதலில் 20 விழுந்தால் பகடை இரட்டிப்பாகும், ஆக நாலு பகடை, கூட 4, சராசரி 22. அவளிடம் இருந்த 4 போக மிஞ்சுவது 18. ஒரே அடியில் உயிர் போக வேண்டும் என்றால் அந்த மிச்சம் அவளுடைய முழு 27-ஐத் தொட வேண்டும், அதாவது அடி குறைந்தது 31. அது நூற்றுக்கு மூன்று தடவைதான் நடக்கும். மற்ற தொண்ணூற்றேழு தடவையும் அவள் சாக மாட்டாள், சுருண்டு விழுவாள், அவ்வளவுதான்.

விழுந்த பிறகு? அவள் முறை வரும்போதெல்லாம் ஒரு டெத் சேவ், அதாவது உயிர் பிழைக்கிறாளா என்று இருபதுமுகப் பகடையில் ஓர் உருட்டு, 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நல்லது, மூன்று நல்லது சேர்ந்தால் உயிர் நிற்கும், மூன்று கெட்டது சேர்ந்தால் போச்சு. யாருமே கை கொடுக்காவிட்டாலும் ஏறக்குறைய பத்துக்கு ஆறு தடவை பிழைத்துக்கொள்வாள். ஆனால் யார் சும்மா இருப்பார்கள்? கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) இருந்தால் 60 அடி தள்ளி நின்றபடியே ஹீலிங் வேர்ட் மந்திரம் போட்டு எழுப்பிவிடலாம். இன்னொருவன் ஓகரை வம்புக்கு இழுத்துத் தன் பக்கம் திருப்பப் பார்ப்பான், காரணம் கீழே மயங்கிக் கிடப்பவளை அது பக்கத்தில் நின்று இன்னொரு போடு போட்டால் இரண்டு கெட்டது ஒரேயடியாக ஏறிவிடும். மேசையில் ஒருத்தரும் போனைத் தொடாத பத்து நிமிடமாக அது இருந்திருக்கும். அவளைக் காப்பாற்றுவது மற்ற நாலு பேருடைய வேலை தம்பி, அதை நீங்களே ஸ்கிரீனுக்குப் பின்னால் முடித்துவிட்டீர்கள். உங்கள் நண்பனுக்குக் கோபம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

என் பாட்டி தாயம் ஆடுவாள். வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயம் விழுந்தால்தான் இறங்கணும், பேரன் அழுகிறான் என்று ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் கட்டையை எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் உருட்டுவாள். நாங்கள் அழுதிருக்கிறோம், சோறு வேண்டாம் என்று படுத்திருக்கிறோம், பாட்டி ஏமாற்றினாள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

இதை வைத்துக்கொண்டு சகட்டுமேனிக்குக் கொல்லக் கிளம்பிவிடாதீர்கள். தாயக்காய்க்கு 12 பக்க முன்கதை கிடையாது. பழைய ஆட்கள் சிலர் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற சாகசக் கதை பற்றிப் பெருமை பேசுவார்கள். இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975-இல் ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டில் போட்டிக்காக வைத்தது அது. சுவரில் ஒரு பச்சைப் பேய்முகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும், அந்த இருட்டுக்குள் ஏறினால் ஆளே காலி, தப்பிக்கப் பகடை உருட்டும் சேவ் எல்லாம் கிடையாது. சரி, ஆனால் அது போட்டி. யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்க்கத்தானே அங்கே உட்கார்ந்தார்கள்? பாரனோயா என்ற இன்னொரு விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஆறு குளோன், செத்தால் அடுத்தவன் வருவான், சாவே அங்கே ஜோக். எட்டு மாதம் வளர்த்த கேரக்டருக்கு இந்த அளவுகோல் எதுவும் பொருந்தாது.

நானும் தப்புப் பண்ணியவன்தான். ஒருமுறை பெட்டிப் பூட்டில் விஷ ஊசி வைத்திருந்தேன். ஒரு சின்னக் குறிப்புகூடக் கொடுக்கவில்லை, முனையில் ஏதோ மின்னியது என்றாவது சொல்லியிருக்கலாம். நண்பனின் ரோக் (திருட்டுக் கை கேரக்டர்) தொட்டான், உருட்டினான், செத்தான். நான் என்னவோ நியாயஸ்தன் மாதிரி அடுத்த அறையை விவரிக்கப் போய்விட்டேன். அவன் தன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பென்சில் டப்பாவில் போட்டு மூடினான், பிறகு ஒன்றரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செத்ததைவிட அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவனுக்கு வலித்தது என்று பின்னால் சொன்னான். இப்போதெல்லாம் யாராவது செத்தால் கூட வரும் காவலாளியோ கைதியோ ஒருவரை உடனே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், மீதி ராத்திரிக்கு அவர்தான் அந்த ஆள்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விழுவதை ஏற்க மனசில்லை என்றால் உருட்டாதீர்கள். இந்தக் கதையில் சாவே வேண்டாம் என்று ஆறு பேரும் பேசி முடிவெடுத்தால் அதில் கேவலம் ஒன்றுமில்லை, வேறு எதையாவது பணயம் வையுங்கள். ஓகர் அவளைக் கொல்ல வேண்டாம், அவளுடைய மந்திரங்கள் எழுதிய ஸ்பெல்புக்கைப் பிடுங்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடட்டும். விசார்டிடம் கேட்டுப் பாருங்கள், சில பேர் சாவே தேவலை என்பார்கள்! ஆனால் எது போகும் என்பது பகடை கையில் இருக்கும்போதே எல்லாருக்கும் தெரிந்திருக்கணும், விழுந்ததைப் பார்த்துவிட்டு மாற்றக்கூடாது.

தோழியிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்காக நீங்கள் இவ்வளவு பயந்தீர்களே, அவளுக்கு அந்தப் பயம் இருந்ததா? 12 பக்கம் எழுதியவர்களில் நல்ல சாவுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு.

சனிக்கிழமை டீ வந்ததும், ஆரம்பிப்பதற்கு முன்னால், 20 விழுந்தது, நான் மறைத்தேன் என்று சொல்லிவிடுங்கள். விளக்கம் நீட்ட வேண்டாம். அந்த அடியைத் திரும்ப எடுக்கவும் வேண்டாம், சொன்னது சொன்னதுதான். ஸ்கிரீனை மடித்துக் கீழே வையுங்கள். ஓகர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, அவளிடம் இன்னும் 4தான் இருக்கிறது, அதன் அடுத்த அடியை மேசை நடுவில் உருட்டுங்கள்.

உங்கள் கூட்டத்தில் கிளெரிக் உண்டா என்று எழுதவில்லை. உண்டு என்றால் 5-ஆம் லெவலில் ரிவிவிஃபை என்ற உயிர்ப்பிக்கும் மந்திரம் கைக்கு வந்திருக்கும், செத்து ஒரு நிமிடத்துக்குள் போட்டால் எழுப்பலாம், ஆனால் 300 தங்கக்காசு பெறும் வைரம் வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமையே எல்லாரையும் பையைத் துழாவிப் பார்க்கச் சொல்லுங்கள்.