"அண்ணா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க"

கேள்வி: எனக்கு வயது 28. இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளும்படி மாமியாரும் நர்ஸம்மாவும் சொல்கிறார்கள். நர்ஸம்மா விளக்கத் தொடங்கியபோது என் கணவரிடம், "அண்ணா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். அவரும் போய் பைக்கில் உட்கார்ந்துகொண்டார். அவர் மிகவும் நல்லவர். எனக்குக் கத்தி என்றாலே நடுக்கம். இந்தப் பயத்தை எப்படிப் போக்கிக்கொள்வது?
– பெயர் வேண்டாம், திருச்செங்கோடு

பதில்: இதே கடிதம் வெவ்வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, பயத்தைத் தணிக்க நான்கு வார்த்தை எழுதுவதாக இல்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய பைக் வரியில்தான் என் கண் நின்றது. குழந்தைகள் இருவருக்கும் பிறந்தவை என்றால், இனிப் பிறக்காமல் தடுப்பது பற்றிய பேச்சில் ஒருவர் மட்டும் ஏன் எழுந்து போக வேண்டும்?

நர்ஸம்மாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பழக்கப்பட்ட வழி அது. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் ஏராளம். 1977 தேர்தலில் அந்த ஆட்சி தோற்ற பிறகு, ஆணிடம் இந்தப் பேச்சை எடுக்கவே அரசுகள் தயங்கின. பிரசவத்துக்காக எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வந்தே தீரும் பெண்ணிடம் சொல்வது எளிதாகப் போயிற்று. அறிவுரையும் துண்டறிக்கையும் அவள் கைக்கே வந்தன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை.

உங்களையும் விடுவதாக இல்லை. கணவர் நல்லவர் என்று எழுதுகிறீர்கள், நம்புகிறேன்; ஆனால் அந்த நல்லவரிடம் "நீங்கள் செய்துகொள்கிறீர்களா?" என்று ஒருமுறை கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லையே! கேட்காமலே அவருக்கு விலக்கு அளித்துவிட்டு, 8 கிராம் ரத்தத்தோடு நடுங்கிக்கொண்டிருப்பதைப் பொறுமை என்று நான் சொல்லமாட்டேன். குடும்பம் என்றால் சுமக்கிற முறை மாறி மாறி வர வேண்டும். இரண்டு முறை வயிற்றில் சுமந்தது நீங்கள், இது அவருடைய முறை.

ஆணுக்கான நவீன சிகிச்சையில் வயிற்றைத் திறப்பதில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில நிமிடங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "சம்பாதிக்கிற பிள்ளையின் தெம்பு போய்விடும்" என்று மாமியார் சொல்லக்கூடும். அடைக்கப்படுவது விந்தணு செல்லும் குழாய்தான். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலப்பது, அது குறைவதில்லை. சில நாட்கள் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். பலன் உடனே கிடைக்காது. மூன்று மாதங்கள் வேறு தடுப்பு முறையைக் கையாண்டு, விந்துப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதற்குள் நீங்கள் மருத்துவரிடம் காட்டி ரத்தசோகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி போடும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நர்ஸம்மா மறுபடியும் வெளியே அனுப்பப் பார்த்தால், "அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தையை அவர் மடியில் வையுங்கள்.