பயம் இருக்கட்டும், முதலில் மணிக்கட்டைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. சிங்கப்பூரில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஐந்து ஆண்டுகளாக வார இறுதிகளில் காட்டுப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டி வருகிறேன். ஏழு வாரங்களுக்கு முன் புக்கிட் தீமா பாதையின் ஓர் இறக்கத்தில், மழையில் நனைந்த மர வேரில் முன்சக்கரம் வழுக்கி, வலது கையை ஊன்றியபடி விழுந்தேன். தலையில் அடி இல்லை. அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, சுளுக்குதான் என்றார்கள். வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. கட்டைவிரல் பக்கம் மட்டும் சற்று வலி இருக்கிறது. எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டால் வலி தெரிவதில்லை. அதன் பிறகு இரண்டு முறை போனேன். அதே இறக்கத்தின் உச்சியில் நின்றபோது கை நடுங்கியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். இணையத்தில் தேடினால் விபத்துக்குப் பிந்தைய மனவடு நோய் என்கிறது. தோழி ஒருவர் தாம் சாப்பிடும், நடுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார், ஆனால் இன்னும் போடவில்லை. எனக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது. முழங்காலில் சொடுக்குச் சத்தம், முழங்கையில் சிராய்ப்புக் கருமை, நெடுநேரம் ஓட்டினால் சுண்டுவிரல் மரத்துப்போவது ஆகியவையும் உண்டு. எலும்பு மெலிவாக இருக்குமோ, கால்சியம் மாத்திரை சாப்பிடலாமா? என் பழைய தைரியம் திரும்புமா, அல்லது இத்தோடு விட்டுவிட வேண்டியதுதானா?

மருத்துவர் பதில்:

விட வேண்டியதில்லை. தைரியம் திரும்பும், அதற்கான வழியையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். கையை ஊன்றி விழுந்து ஏழு வாரங்கள் ஆகியும் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி இருக்கிறது என்றால், முதல் நாள் எக்ஸ்ரே என்ன சொல்லியிருந்தாலும், அதைச் சுளுக்கு என்று வைத்துக்கொண்டு காலம் கடத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் கட்டைவிரலின் அடிப்பக்கம் இருப்பது ஸ்கேஃபாய்டு எனப்படும் படகெலும்பு. விரித்த உள்ளங்கை தரையில் மோதும்போது அந்த எட்டில் மிக அதிகமாக முறிவது இதுதான். இதன் முறிவு பெரும்பாலும் கையைக் கோணலாக்குவதில்லை, பெரிதாக வீங்குவதுமில்லை, சில நாட்களில் கை வேலைக்கு ஒத்துழைக்கவும் தொடங்கிவிடும். மயிரிழையாக விழுந்த கீறல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம்; விளிம்புகள் சற்றுக் கரைந்து இடைவெளி புலப்படப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். ஆகவே அன்று உங்களைப் பார்த்தவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வலி நீடித்தால் இரண்டு வாரத்தில் மறுபடி வந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது உங்களுக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப்படாத அந்த ஒரு வாக்கியம்தான் இப்போது என்னைக் கவலைப்படுத்துகிறது.

இந்த எலும்புக்கு ரத்தம் போகும் வழி விசித்திரமானது. பெரும்பாலான ரத்தம் விரல்பக்க முனை வழியாக நுழைந்து, பின்னோக்கி ஓடி முழங்கைப் பக்க முனையை அடைகிறது. இந்த எலும்பு அதன் ஒடுங்கிய நடுப்பகுதியில் முறிந்தால் அந்த ஓட்டம் தடைப்படுகிறது. அசைவில்லாமல் வைத்துக் காக்காவிட்டால் முறிந்த துண்டுகள் ஒட்டாமலே நின்றுவிடலாம், முழங்கைப் பக்கத் துண்டு ரத்தமின்றி நசிந்தும் போகலாம். ஒட்டாத படகெலும்போடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானம் வந்து சேர்கிறது. நான்கு வாரங்களுக்குமேல் தாமதித்துத் தொடங்கும் சிகிச்சையில் எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது என்பது எலும்பு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. நீங்கள் ஏழாவது வாரத்தில் இருக்கிறீர்கள். பதறுவதற்காக இதை எழுதவில்லை, இந்த வாரமே போய்க் காட்ட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக விரித்துப் பாருங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு தசைநாண்கள் கயிறுபோலப் புடைத்து, இடையில் ஒரு சிறு பள்ளம் விழும். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைத்து உறிஞ்சும் இடம் என்பதால் மருத்துவ நூல்களிலும் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றே பெயர். அந்தக் குழிக்குள் மறு கை விரல்நுனியால் நிதானமாக அழுத்துங்கள். அதே அழுத்தத்தை நல்ல கையிலும் கொடுத்து ஒப்பிடுங்கள், ஏனெனில் அங்கே ஒரு நரம்புக் கிளை ஓடுவதால் பலமாக அழுத்தினால் யாருக்குமே வலிக்கும். அடுத்து, கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி அதன் நீளவாக்கில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். இவற்றில் ஒன்று வலது கையில் மட்டும் தெளிவாக வலித்தாலும் அது படகெலும்பு முறிவு என்று வைத்துக்கொண்டே நாங்கள் சிகிச்சையைத் தொடங்குவோம், படம் பிறகு உறுதிசெய்யட்டும் என்று. வலிக்கவில்லை என்றாலும் நீங்கள் வரவேண்டியதுதான், ஏனெனில் படகெலும்பையும் பக்கத்து எலும்பையும் இணைக்கும் தசைநார் கிழிந்தாலும் இதே விழுகையில் இதே போன்ற வலி வரும்.

வீட்டருகே உள்ள பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய், விழுந்த விதத்தையும் ஏழு வார வலியையும் சொல்லி, படகெலும்புக்கென்றே வெவ்வேறு கோணங்களில் எடுக்கும் எக்ஸ்ரே வேண்டும் என்று கேளுங்கள். அதிலும் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் இருந்தால் எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் அவசியம். கை அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்லத் தயங்காதீர்கள். முறிவு இருந்து, துண்டுகள் விலகாமலும் இருந்தால், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டில் வைத்தே ஒட்டவைக்க முடிவதுண்டு. விலகியிருந்தாலோ ஒட்டத் தவறியிருந்தாலோ ஒரு சிறு திருகாணி, தேவையானால் வேறு இடத்து எலும்பை எடுத்து வைத்து ஒட்டுவது என்று போக வேண்டியிருக்கும். எந்த வழியானாலும் காட்டுப் பாதைக்குத் திரும்பும் கதவு மூடுவதில்லை. அந்தக் கதவை மூடக்கூடியது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான். அப்படித் தள்ளிப்போட்டு, கைப்பிடியைத் திருகக்கூட முடியாத நிலையில் வந்து உட்காருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

நீவி விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். முறிந்திருக்கக்கூடிய எலும்பை எண்ணெய் போட்டு அசைப்பது அது ஒட்டும் வாய்ப்பைக் கெடுப்பதாகும். டைக்ளோஃபெனாக்கையும் நிறுத்துங்கள். ஏழு வாரம் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் அது செய்யக்கூடியது ஒரு பக்கம் இருக்க, ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த வகை வலிநிவாரணிகளே மூச்சுத்திணறலைத் தூண்டும். அதைவிட, வலி தெரியவில்லை என்பதற்காக நீங்கள் அந்தக் கையோடு இரண்டு முறை காட்டுக்குள் போயிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. வேர்களின் மேல் இறங்கும்போது கைப்பிடியிலிருந்து வரும் ஒவ்வோர் அதிர்வும் பின்னோக்கி வளைந்த மணிக்கட்டின் வழியாகத்தான் முழங்கைக்கு ஏறுகிறது.

தோழியின் மாத்திரையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புரோப்ரனலால் நடுக்கத்தைக் குறைக்கும், உண்மைதான். கூடவே மூச்சுக்குழல்களைச் சுருக்கும். ஆஸ்துமா இருந்தவருக்கு அது கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கலாம், அந்த நேரத்தில் வழக்கமான நீலநிற இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது, ஏனெனில் இன்ஹேலர் போய்ச் சேரவேண்டிய இடத்தைத்தான் இந்த மாத்திரை அடைத்து வைத்திருக்கும். புழுக்கமான காட்டில், ஏற்றத்தின் நடுவில், உதவிக்கு ஆள் வரப் பல நிமிடங்கள் ஆகும் இடத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றுவதே கவலைக்குரியது. ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்து இன்னொருவருக்கு மருந்தாகாது.

மற்றவற்றை விரைவாக முடித்துவிடுகிறேன். வலியோ வீக்கமோ இல்லாத முழங்கால் சொடுக்குக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. சிராய்ப்புக் கருமை சில மாதங்களில் மங்கும், வெயிலில் மட்டும் மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் மரத்துப்போவது கைப்பிடி உள்ளங்கையின் ஓரத்து நரம்பை அழுத்துவதால் வருகிறது. ஓட்டி முடித்துச் சில மணி நேரத்தில் சரியாகிவிட்டால் கையுறையையும் பிடிக்கும் இடத்தையும் மாற்றினால் போதும், விரலில் பலம் குறைந்தால் மட்டும் காட்டுங்கள். வேகமாக இறங்கும்போது விழுந்து எலும்பு முறிவது எலும்பு மெலிவின் அடையாளமாகாது, கால்சியம் மாத்திரையும் வேண்டாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மனவடு நோய் இருப்பதாக உங்கள் கடிதத்தில் எனக்கு எதுவும் தென்படவில்லை. அந்த நோயில் ஒரு மாதத்துக்குமேல் விபத்து கனவிலும் நனவிலும் வலிய வந்து மோதும், அதைப் பற்றிப் பேசவே மனம் கூசும், உறக்கமும் வேலையும் கெடும். நீங்களோ விபத்தை வேர்வரை நிதானமாக விவரிக்கிறீர்கள், இரண்டு முறை திரும்பப் போயும் இருக்கிறீர்கள். இணையத்தின் பட்டியலில் நான்கு வரி ஒத்துப்போகிறது என்பதற்காக இப்படிப்பட்ட பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்வதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

விழுந்த இடத்தில் கை நடுங்குவது மூளை தன் வேலையைச் செய்ததன் விளைவு. அதோடு உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கலாம். பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டிய கை, முழு பலம் தர முடியாது என்பதை உங்களுக்கு முன்பே அறிந்திருக்கக்கூடும். ஆகவே மணிக்கட்டு தேறாமல் மனத்தை மட்டும் தேற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்க நினைக்காதீர்கள். படத்தில் எலும்பு சரியென்று உறுதியாகி, முழங்கையை மடக்காமல் உள்ளங்கையில் உடல் எடையை ஊன்ற வலியின்றி முடிந்து, பிடியின் பலம் இடது கையின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்காவது வந்த பிறகுதான் என் நோயாளிகளைக் காட்டுப் பாதைக்கு நான் அனுப்புகிறேன்.

அனுமதி கிடைத்ததும் நேராகப் புக்கிட் தீமாவுக்குப் போகாதீர்கள். 2011 இல் ரயில் ஓட்டம் நின்ற பழைய மலாயா ரயில் பாதை, இப்போது ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பாதையாக இருக்கிறது. அதன் சமதளத்தில் சில வாரம் ஓட்டி, கையும் மூச்சும் பழகட்டும். பிறகு செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதை இருப்பதால், எதிரே ஆள் வருமோ என்ற பதற்றமின்றி இறக்கங்களைப் பழகலாம். அதன் பின் புலாவ் உபின் தீவிலுள்ள கெத்தாம் சைக்கிள் பாதைகளுக்குப் போங்கள். அங்கே கடினம் கூடக் கூட நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று குறித்திருக்கிறார்கள். நீலத்தை விட்டு நகர அவசரம் வேண்டாம். புக்கிட் தீமாவின் வேரும் பாறையும் கடைசியாக இருக்கட்டும், அதுவும் மழை விட்டு ஒரு நாளாவது கழிந்து தரை காய்ந்த பிறகு.

அந்த இறக்கத்துக்கு வரும் நாளில் முதலில் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து இறங்கி, எந்த வேரில் சக்கரம் வழுக்கியது என்று பாருங்கள். பயந்தவர் வேரையே பார்த்துக்கொண்டு, கைகளை விறைத்து, உடலைப் பின்னுக்குத் தள்ளி, வேரின் மேலேயே பிரேக்கை இறுக்குகிறார். எடை பின்னால் போனதும் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. நனைந்த வேரில் இறுகிய சக்கரம் வழுக்குகிறது. தற்காத்துக்கொள்ள நினைத்துச் செய்யும் செயல்களே மறுபடி விழ வைக்கின்றன. வேகத்தை வேருக்கு முன்பே குறைத்துவிட்டு, வேரின் மேல் பிரேக்கைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, எடையைக் கால்களில் ஊன்றி, குதிகாலைத் தாழ்த்தி, பார்வையைச் சில மீட்டர் முன்னே செலுத்தி, வேரைக் கூடியமட்டும் செங்கோணத்தில் குறுக்காகக் கடக்க வேண்டும். அந்த ஒரு துண்டை மட்டும் மூன்று முறை சீராக இறங்கிவிட்டு, களைப்பு வருவதற்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். உங்களைவிட வேகமாக ஓட்டும் நண்பர்களோடு அன்று போக வேண்டாம்.

பழைய பயம் அழிந்துபோவதில்லை. அதன் மேல் புதிய அனுபவம் ஒன்று படிகிறது. அதனால்தான் அடங்கிய அச்சம் ஒரு இடைவெளிக்குப் பின் தானாகத் தலைதூக்கும், பழகிய எதிர்வினை அடங்கிய பின் இப்படித் திரும்புவது, நாய்களின் எச்சில் ஊறுவதை வைத்து ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவ் செய்த சோதனைகளிலேயே பதிவாகியிருக்கிறது. நன்றாக ஓட்டிய சில வாரங்களுக்குப் பிறகு, மழைக்கால ஈரத்தில் திடீரென்று கை மறுபடி நடுங்கினால், பட்டதெல்லாம் வீண் என்று மனமுடையாதீர்கள். அன்று ஒரு படி கீழே இறங்கி நீலப் பாதையில் ஓட்டிவிட்டு வீடு திரும்புங்கள். பல மாதம் இப்படிச் செய்தும் ஒரு படிகூட ஏற முடியவில்லை என்றாலோ, உறக்கம் கெடத் தொடங்கினாலோ, உளவியல் நிபுணர் ஒருவரை அணுகச் சொல்வேன்.

இவையெல்லாம் பிறகு. இந்த வாரம் செய்ய வேண்டியது மருந்தகத்துக்குப் போவது. கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் மணிக்கட்டுப் பட்டை ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி இன்றே அணியுங்கள், கரும்பலகையில் எழுதுவதையும் பை தூக்குவதையும் இடது கைக்கு மாற்றுங்கள், சைக்கிளைத் தொட வேண்டாம். போகும்போது ஏழு வாரத்துக்கு முந்தைய எக்ஸ்ரே படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; அன்று தெரியாத கீறல், பக்கத்தில் புதிய படத்தை வைத்துப் பார்க்கையில் பல நேரம் தெரியும்.