துதிக்க வராத மருமகள்

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் வீட்டில் தினமும் காலை ஐந்து மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. முதலில் ஸ்தோத்திர பலி, அதாவது தேவனுக்கு நன்றி சொல்லித் துதிப்பது, அப்புறம் வேதாகமத்தின் சங்கீதப் பாடல்களில் 103, 136, 150 இவற்றில் ஒன்றை எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிப்போம். என் மருமகளும் கல்யாணமான புதிதில் நன்றாகத்தான் வாசிப்பாள். போன வருஷம் அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதிலிருந்து ஜெபத்துக்கு வருவதில்லை. கூப்பிட்டால் "நீங்க ஜெபம் பண்ணுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், சாப்பிடுகிறாள், எல்லாம் செய்கிறாள், தேவனைத் துதிக்க மட்டும் வாய் வரவில்லை.

ஒருநாள் ராத்திரி எட்டிப் பார்த்தால் வேதத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். சந்தோஷப்பட்டு என்ன பகுதி என்று பார்த்தேன், சங்கீதம் 88. முழுக்க இருட்டு, குழி, பாதாளம். 103 இருக்கும்போது இதையா வாசிப்பது? தாவீது ராஜா பிள்ளை செத்ததும் தரையிலிருந்து எழுந்து, குளித்து, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டாரே என்று சொன்னேன். பதிலே இல்லை. சபையில் எல்லோரும் அவளுக்காக ஜெபிக்கும்படி ஜெபக்குறிப்பு கொடுத்தேன், அதற்கும் கோபம். நீ துதித்தால்தானே கர்த்தர் இன்னொரு பிள்ளையைத் தருவார் என்று நல்லதுக்குத்தான் சொன்னேன், அன்றைக்குப் பூராவும் என்னோடு பேசவில்லை. என் மகனும் அவள் பக்கம்.

நானும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான். மூத்தவன் இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அழுதால் கர்த்தரைக் குறைசொல்வது போலாகும் என்று என் மாமியார் சொன்னார்கள், நான் அழவில்லை, அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் ஆரம்பித்ததுதான் இந்த ஜெபம். போட்டோகூட எடுத்து வைக்கவில்லை, இப்போது அவன் முகமே சரியாக ஞாபகத்துக்கு வருவதில்லை, அது கிடக்கட்டும். ஜெபத்துக்கு வராத மருமகளை வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு ஆசீர்வாதம் எப்படி வரும்? அவளை எப்படித் துதிக்க வைப்பது?

ஒரு தாய்

*

அன்புள்ள அம்மா,

மருமகளைப் பற்றி நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் வாசித்தேன். ஆனால் என்னால் தாண்டிப் போக முடியாத இடம் வேறு. மகனுடைய முகம் ஞாபகத்துக்கு வருவதில்லை என்று எழுதிவிட்டு, உடனே "அது கிடக்கட்டும்" என்கிறீர்கள். அதைக் கிடக்க விடக் கூடாது அம்மா. இத்தனை எழுதிய கடிதத்தில் அவன் பெயர்கூட இல்லை.

பேசிப் பேசித்தான் நினைவு தங்கும். யாரிடமும் பேசாமல் இத்தனை வருஷம் உள்ளேயே பூட்டி வைத்த முகம் மங்கத்தான் செய்யும். உங்கள் பாசம் குறைந்துபோனதாக அதற்கு அர்த்தம் இல்லை. அன்று காலையில் நீங்கள் துதித்தது பொய்யும் இல்லை, அந்த நாட்களில் உங்களை விழாமல் பிடித்திருந்தது அதுதான். ஆனால் அழவேண்டிய இளம் தாயிடம் அழக்கூடாது என்று சொன்னார்களே, அது தப்பு. உங்கள் மாமியார் உங்களிடம் சொன்னதைத்தான் இன்று நீங்கள் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைக்காத அனுமதியை அவள் தானாகவே எடுத்துக்கொண்டாள், உங்கள் கோபத்தில் பாதி அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் துதிக்கவில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, உண்மை. ஆனால் அதன் முதல் வரியே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் கூப்பிடுகிறது. தேவனை விட்டுவிட்டவள் ராத்திரியில் வேதத்தைத் திறக்க மாட்டாள். சங்கீதங்கள் 150-ல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி முறையிட்டு அழுகிறவைதான். அடுத்த சங்கீதம் 89-ஐப் பாருங்கள், உமது பூர்வ கிருபைகள் எங்கே என்று தேவனையே கேட்கிறது, அதே சங்கீதத்தின் கடைசி வசனத்தில் ஸ்தோத்திரமும் இருக்கிறது. கேள்வியை அழித்துவிட்டு அந்த ஸ்தோத்திரத்தைச் சொல்லவில்லை. சிலுவையில் இயேசு சத்தமிட்டதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

தாவீதைப் பற்றிச் சொன்னீர்கள். எழுந்து குளிப்பதற்கு முன் அவர் உபவாசித்துத் தரையில் கிடந்தார், ஏழாம் நாளில்தான் பிள்ளை இறந்தது. பின்னாளில் இன்னொரு மகன் செத்தபோது "என் மகனாகிய அப்சலோமே" என்று கதறியதும் அதே தாவீதுதான். ஒரே மனிதன், இரண்டு துக்கம், இரண்டு விதம். ஒன்றை மட்டும் எடுத்து மருமகளுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

நீங்கள் தினமும் வாசிக்கும் 103-லேயே "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று இருக்கிறது. அந்த மகனும் தேவன் உங்களுக்குச் செய்த உபகாரம்தானே? இரண்டு வருஷம் உங்கள் மடியில் இருந்தவனை மறந்தால்தான் துதிக்க முடியும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவனை நினைத்து அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொல்லலாம் அம்மா. கண்ணீரைத் தேவனுடைய துருத்தியில், அதாவது தோல் பையில், வைக்கச் சொல்லிக் கேட்பதும் ஒரு சங்கீதம்தான், 56-ஆம் சங்கீதம்.

வீட்டில் யாருக்கு அவனை நினைவிருக்கிறதோ, அவர்களோடு உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசுங்கள். எப்படிச் சிரிப்பான், எந்தப் பாட்டுக்குக் கை தட்டுவான் என்று. முகம் முழுசாகத் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஏதாவது கொஞ்சமாவது வரும். அப்புறம் மருமகளிடம் போய் அவன் பெயரைச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், வசனமும் வேண்டாம். அவள் வாசிக்கிற 88-ஐ நீங்களும் கூட உட்கார்ந்து வாசித்தால் போதும். அவள் தூக்கமில்லாமல் தவித்தாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்பது போல ஒரு வார்த்தை பேசினாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

இன்னொரு பிள்ளையைப் பற்றிய பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். துதியைக் கொடுத்துப் பிள்ளையை வாங்க முடியாது, போன பிள்ளைக்கு வரப்போகும் பிள்ளை ஈடும் ஆகாது, அது உங்களுக்கே தெரியும். அவளைக் கேட்காமல் சபையில் அவள் பெயரில் ஜெபக்குறிப்பு கொடுக்காதீர்கள். கொடுத்ததற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.