கண் அளவு ரகசியம் அல்ல

கேள்வி: பாகு காய்ச்சிச் செய்கிற ஓர் இனிப்பு, பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பண்டிகை விருந்தில் உண்டு. அம்மாவுக்கு மட்டும்தான் கைவரும். அளவு கேட்டால், "எல்லாம் கண் அளவுதான்" என்று முடித்துவிடுகிறார். வயதாகிவிட்டது, அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. அளவை மட்டும் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, இனி விருந்துக்குக் கடையில் வாங்கிவிடலாமா?

பதில்: அப்படிச் செய்தால் உங்களிடம் ஒரு காகிதம் மிஞ்சும், இனிப்பு மிஞ்சாது.

அம்மா எதையும் ஒளிக்கவில்லை. "கண் அளவு" என்று அவர் சொல்வது உண்மையான பதில். பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறாரே, அதைக் கிட்டே நின்று கவனித்திருக்கிறீர்களா? மெத்தென்று உருண்டால் பாகின் சூடு 112-லிருந்து 116 டிகிரி செல்சியஸ். இன்னும் 10 டிகிரி ஏறினால் அதே உருண்டை கெட்டிப்படும், இனிப்பும் பல்லுக்கு அடங்காது. இரண்டுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். "15 நிமிடம் காய்ச்சவும்" என்று அவர் எழுதித் தந்தால், அது அவருடைய பாத்திரத்துக்கும் அவருடைய அடுப்புக்கும் மட்டுமே பொருந்தும். உங்கள் பாத்திரம் அகலமானது என்றால் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். மலை மேல் குடியிருந்தால் வேறு கணக்கு: சுமார் 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும், பாகுப் பதத்தின் சூடும் கூடவே இறங்கும்.

ஆகவே கேட்டு எழுதாதீர்கள், பக்கத்தில் நின்று எடை போடுங்கள். ஒரு சின்ன தராசு போதும். அம்மா புழங்கும் டம்ளரில் தண்ணீர் நிரப்பி நிறுத்தால் அதன் கொள்ளளவு தெரிந்துவிடும்; 1 கிராம் தண்ணீர் 1 மில்லிலிட்டர். மாவை டம்ளர் கணக்கில் குறிக்க வேண்டாம். அழுத்தி நிரப்புவதற்கும் தளர நிரப்புவதற்கும் ஒரே டம்ளரில் 20, 30 கிராம் மாறும். அவர் கையால் அள்ளிப் போடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. டப்பாவை முதலில் எடை பார்த்து வையுங்கள், அவர் அள்ளிய பிறகு மறுபடி பாருங்கள். குறைந்த எடைதான் அவருடைய கைப்பிடி. நடுவில் அவர் கையைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டிய தேவையே வராது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. "அம்மாவுக்கு மட்டும்தான் கைவரும்" என்கிறீர்கள். இத்தனை வருடங்களில் இன்னொரு கை ஏன் அந்தக் கரண்டியைத் தொடவில்லை? விருந்தன்று காலை வந்து இறங்கி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் வீடுகளில் பரம்பரைப் பதார்த்தம் ஒரே ஆளின் முதுகுவலியில்தான் நிற்கிறது. மெக்சிகோவில் கிறிஸ்துமஸுக்குத் தமாலே என்ற, மடலில் மடித்து வேகவைக்கும் பண்டத்தைச் செய்ய உறவுகள் கூடி உட்காருவார்கள். ஒருவர் சோளமாவைத் தடவுவார், ஒருவர் பூரணம் வைப்பார், ஒருவர் மடிப்பார். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் புட்டிங் கலவையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கிளறுவது பழைய வழக்கம். குழந்தை கையிலும் கரண்டியைக் கொடுப்பார்கள். அந்தப் பதார்த்தங்கள் தலைமுறை தாண்டியதில் இந்தக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கடையில் வாங்குவது குற்றமில்லை. விருந்தில் எட்டு வகை இருந்தால் ஏழு வகையை வாங்குங்கள், அம்மாவுக்கு அந்தச் சுமை குறையட்டும். இந்த ஒன்றை மட்டும் விடாதீர்கள்.

பண்டிகை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். விருந்தினர் வரப்போகும் பரபரப்பில் யாராலும் சொல்லித்தர முடியாது. அடுத்த விடுமுறையில் போங்கள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கரண்டியை நீங்கள் பிடித்து, பாதி அளவில் செய்து பாருங்கள். அளவு பாதியானால் நேரமும் சரிபாதியாகும் என்று நம்பிவிட வேண்டாம், பதத்தைத்தான் பார்க்க வேண்டும். பாகு முற்றிவிட்டால் கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி காய்ச்சலாம். கருகினால்தான் கொட்ட வேண்டும். முற்ற விடுவதையும் மீட்பதையும் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே ஒரு தடவை செய்து பழகிவிடுங்கள்.